மிட்டாதார் காரும் ராயப்பன் மேஸ்திரியும்

ராயப்பன் மேஸ்திரி இறந்துபோன செய்தியைப் பென்னாகரத்திலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர்தான் எனக்குச் சொன்னார். பஸ் புக்கிங் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி, "மூணு நாள் காய்ச்சலுங்க, அவ்ளோதான். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு டிக்கெட் கிழிப்பதைத் தொடர்ந்தேன். திருவண்ணாமலைக்குக் கேட்டவருக்குச் சேலம் டிக்கெட்டைக் கொடுத்திருக்கிறேன் என்பது அவர் திரும்பி வந்து சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் அரூரில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். தலைமை வகித்தவர் எங்கள் பகுதி மிட்டாதார், சின்ன ஜமீன்தார் மாதிரி. வெள்ளைக்காரன் இருந்தவரை பட்டுக்கரை வேட்டியில் திரிந்தவர், இப்போது கதர் கட்டியிருந்தார். "ராயப்பன் எங்குடும்பத்துல ஒருத்தன் மாதிரி. எங்காரு அவன் கைபட்டாத்தான் ஓடும்" என்று பேசித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். அங்கே பேசியிருக்க வேண்டியதை, அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் அரூரில் ஒரே பஸ் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் குமாஸ்தா, அவர் ஷெட்டில் மேஸ்திரி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பஸ்கள் அடுப்புக்கரியை எரித்து எடுக்கும் கேஸில் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்காது. வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். பழைய கிரீஸ் டப்பா ஒன்றில் துப்புவார். அந்த டப்பா கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனபோது சிரித்தார். "குமாஸ்தா ஐயாவுக்கு எல்லாமே நாறுது. ஆனா கையெழுத்து மட்டும் மணி மணியா இருக்குது" என்றார். கையெழுத்தைப் பற்றி அவர் சொன்னதில் நான் பெருமைப்பட்டேன்.

அவருடைய வேலையில் குறை சொல்ல முடியாது. "கழட்ட யாராலும் முடியுங்க. மாட்டறப்பதான் ஆளு தெரியும்" என்பார். ஷெட்டில் புதிதாகச் சேர்ந்த பிட்டர் ஒருவர் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டிவிட்டு, கையில் ஒரு திருகு மிஞ்சியதைச் சத்தமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ராயப்பன் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. வண்டியை நிறுத்தி மறுபடி முழுவதையும் பிரிக்க வைத்தார். பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் தாமதமாகி, முதலாளியிடம் ஏச்சு வாங்கியதும் அவரே.

மிட்டாதாரின் கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தது ஒரு பங்குனி மாதத்தில். எஞ்சினை உயிர்ப்பிக்கும் சாவி, பூட்டுக்குள்ளேயே பாதியாக முறிந்துவிட்டது. அவசரத்தில் அவரே முறுக்கி உடைத்துவிட்டு, பழியை டிரைவர் மேல் போட்டு அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். "சாயந்தரம் வர்றேன். அதுக்குள்ள எவனும் வண்டியத் தொடக்கூடாது, நீ பூட்ட மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டு, கடைவீதியில் இருந்த தன் வீட்டுக்குப் போனார்.

ராயப்பன் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சாவித் துண்டைக் குறட்டால் கவ்வி மெல்லத் திருப்பினார். பூட்டின் விளிம்பில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதில் கம்பியை விட்டு அழுத்தியதும் உள்ளே ஏதோ விலகும் சத்தம் கேட்டது. விரல் பருமனில் ஒரு பித்தளை உருளை கையோடு வந்துவிட்டது. முறிந்த துண்டைப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்து, இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்து, புதுச் சாவி அராவ ஆரம்பித்தார்.

அப்போதுதான் சித்தேரி மலையிலிருந்து நான்கு பேர் டோலி கட்டி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். பெயர் பொன்னி. இரண்டு நாளாகப் பிரசவ வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் தர்மபுரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். காலை பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் மூன்று மணிக்கு. அவள் புருஷன் சடையன் என் ஜன்னலுக்கு முன்னால் கும்பிட்டபடி நின்றான். "சாமி, ஒரு வண்டி சொல்லி வுடுங்க சாமி." சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

நான் மிட்டாதார் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுவிட்டுப் பல்குத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மலைக்காரிய என் சீட்டுல படுக்க வெக்கணுமா? தண்ணி, ரத்தம்னு கொட்டுனா நாத்தம் போகுமாய்யா? அப்புறம் அதுல எவன் உக்கார்றது?"

"உசுரு போயிருமுங்க."

"மலையில தெனமும்தான் பெத்துக்கறாளுங்க" என்றார், பல்லிலிருந்து எடுத்ததை உற்றுப் பார்த்தபடி.

நான் திரும்பி வந்தபோது ராயப்பன் அராவிக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாருங்க?"

"வேண்டாங்கறாரு. நாத்தம் வருமாம்."

அவர் எழுந்தார். புகையிலையைத் துப்பி வாயைக் கொப்பளித்தார். பித்தளை உருளையை என் உள்ளங்கையில் வைத்தார். "பத்தரமா வெச்சிருங்க. உள்ள இருக்கற ஸ்பிரிங் ஒண்ணு தெறிச்சாலும் தேடி எடுக்க முடியாது." பிறகு காரில் ஏறி, உருளை இருந்த ஓட்டைக்குள் திருப்புளியை விட்டுத் திருப்பினார். "ஹாண்டில் போடுங்க குமாஸ்தா." போட்டேன். காரின் முன்பக்கம் ஹாண்டிலைச் செருகிச் சுற்ற, மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பொன்னியைப் பின் சீட்டில் கிடத்த நானும் ஒரு கை கொடுத்தேன். கார் மொரப்பூர் பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தார். "கொழந்த தங்கலீங்க. ஆத்தா பொழச்சிக்கிட்டா" என்றார். வழியில் ஒரு கிணற்றடியில் நிறுத்திச் சீட்டைக் கழுவியிருந்தார். இருந்தும் கறை போகவில்லை. சட்டையிலும் ரத்தம் காய்ந்திருந்தது.

மிட்டாதார் ஆட்களோடு காத்திருந்தார். பின் சீட்டைப் பிய்த்து நடுரோட்டில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் செய்தார். தோலும் தேங்காய் நாரும் எரிந்த நாற்றம் கடைவீதி முழுவதும் பரவியது. காலையில் அந்தப் பெண் முனகியபோது அசையாமல் நின்ற அதே கூட்டம் இப்போது துண்டால் மூக்கை மூடிக்கொண்டது. ராயப்பனைச் சாணித் தண்ணீரால் காரின் உட்புறம் முழுவதையும் கழுவ வைத்தார்கள். கழுவி முடித்ததும், கழுவியது ராயப்பன் என்பதற்காக அதன்மேல் வேறொருவரை விட்டுக் கோமியம் தெளித்தார்கள். ஜெபமாலை போட்டிருந்தாலும் அவர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பது ஊருக்குத் தெரியுமே.

"பூட்ட மாட்டிட்டு ஒழிஞ்சு போடா" என்றார் மிட்டாதார்.

ராயப்பன் கை கழுவிவிட்டு வந்து என்னிடம் உருளையைக் கேட்டு வாங்கினார். அராவி முடிக்காத சாவியை முடித்தார். அதை உருளையில் நுழைத்து, உள்ளே இருக்கும் தகடுகள் எல்லாம் மட்டமாகப் படிகின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். உருளையின் காடிப் பள்ளத்தை நேர்பார்த்து, ஸ்பிரிங் முள்ளை நகத்தால் அழுத்தி, உருளையை உள்ளே தள்ளினார். அது தன் இடத்தில் உட்கார்ந்த சத்தம் எனக்கும் கேட்டது. சாவியைப் போட்டுப் பத்துத் தடவையாவது திருப்பிப் பார்த்திருப்பார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இவனுக்கு எதுக்கு இவ்வளவு பாத்துப் பாத்து மாட்டறீங்க?" என்று காதோடு கேட்டேன்.

"பூட்டு என்னங்க தப்பு பண்ணுச்சு?" என்றார்.

மறுநாள் போலீசுக்குப் போகப்போவதாக மிட்டாதார் மிரட்டினார். முதலாளி சமாதானம் பேசினார். ராயப்பனை வேலையிலிருந்து நீக்குவது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று என்னிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எனக்கு மூன்று பெண்கள், வேறு வேலை கிடையாது. 'மேஸ்திரி எனக்குத் தெரியாமல் காரை எடுத்துச் சென்றார்' என்று எழுதினேன். ஹாண்டில் சுற்றிய கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ராயப்பன் குடும்பத்தோடு பென்னாகரம் போய் எண்ணெய் எஞ்சின் பழுது பார்த்துப் பிழைத்தார்.

ஆறு மாதம் கழித்துச் சடையனும் பொன்னியும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒரு மூட்டை சாமை, சுரைக்குடுவையில் தேன். "அந்த மேஸ்திரிய பாக்கணுமுங்க." அவர் வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர்கள் என்னையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் அதைப் பென்னாகரத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் ஏதாவது எழுத வேண்டும், என்ன எழுதுவது? அந்தச் சாமையை என் வீட்டில் பொங்கித் தின்றோம். மிட்டாதாரைப் பார்த்து எனக்கு வரும் அருவருப்பில் பாதி எனக்கே சேர வேண்டியது.

கூட்டம் முடிந்த மறுநாள் பென்னாகரம் போனேன். அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வாக்குமூலத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். சாமையைப் பற்றியும் சொன்னேன். அந்த அம்மாள் அழவில்லை.

"எழுதிக் குடுத்தது அவருக்கு அன்னிக்கே தெரியுங்க. நாந்தான் உங்கள வாய்க்கு வந்தபடி ஏசுவேன். அவரு ஏச வுடமாட்டாரு."

"என்ன சொல்லுவாருங்க?"

"'பயந்த மனுசன், ஆனாலும் ஹாண்டில் போட்டாரு, வுடு'ம்பாரு."

என்னைப் பற்றி ராயப்பன் மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான். இரண்டும் உண்மை. எனக்கு அவர் விட்டுச் சென்றதாக வேறு எதுவும் இல்லை. இதை நான் மறக்கப்போவதில்லை.