நீல இலைப் பொண்ணு

1988 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களை நிரப்பினேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் காய்ச்சினேன். பிறகு என் ஞாயிற்றுக்கிழமை வேலை — வாரம் முழுக்கப் போஸ்ட் ஆபீஸுக்குக் கட்டிப் போகும் காட்டன் சேலைகளுக்குக் கஞ்சி போடுவது.

கஞ்சி விஷயத்தில் நான் கறார். திங்கள்கிழமை கவுன்டரில் உட்காரும்போது கொசுவம் விறைப்பாக நிற்க வேண்டும். அதற்காக முதல் நாளே சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, தட்டுப் போட்டு மூடி, தட்டின் மேல் கல்லும் வைத்திருந்தேன்.

அன்றைக்குக் கல் இருந்தது. கஞ்சிதான் பாதியைக் காணோம்.

"ரெண்டு டம்ளர்தான் எடுத்தேன் சித்தி. பரிசோதனைக்கு" என்றாள் முத்துலட்சுமி.

என் அக்கா மகள். சத்திரப்பட்டியில் அக்கா வீட்டில் தறி ஓடுகிறது. அத்தான் பேண்டேஜ் துணி நெய்கிறவர். முத்து போன வருஷம் பிளஸ் டூ. தியரி எல்லாம் பாஸ், பயாலஜி பிராக்டிகலில் ஃபெயில். யாராவது பிராக்டிகலில் போய் ஃபெயில் ஆவார்களா? ஆனாள். மறுபடி பரீட்சை, திங்கள்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கூல் ஒன்றில். படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டால், "இந்த வருஷப் பிள்ளைகளுக்கே லேப் பத்தலம்மா" என்றார்கள். அதனால் ராஜபாளையத்தில் என் வீடு லேப் ஆனது. ஒரு வாரமாக.

ஊறுகாய் பாட்டிலில் கண்மாயிலிருந்து கொண்டுவந்த வேலம்பாசி. அதன் மேல் கவிழ்த்த புனல். அதில் குமிழ் வரவே இல்லை. முத்து யோசித்தாள், என் ஆப்பச்சோடாவில் ஒரு சிட்டிகை போட்டாள். செத்த நேரத்தில் சரம் சரமாகக் குமிழ்! வெங்காயத் தோல் வெயிலில் காய்ந்தது. இடியாப்பத் தட்டில் கரப்பான் பூச்சி படுத்திருந்தது. (அந்தத் தட்டு அதற்குப் பிறகு சமையலறைக்குத் திரும்பவில்லை.)

இப்போது கஞ்சி. ஒரு டம்ளரில் வெறும் கஞ்சி. இன்னொன்றில் கஞ்சியோடு முத்துவின் எச்சில். கொஞ்ச நேரம் வைத்துவிட்டு இரண்டிலும் அயோடின் சொட்டினால் வெறும் கஞ்சி நீலமாகும். எச்சில் கலந்தது ஆகாது. எச்சில் மாவுச்சத்தைத் தின்றிருக்கும்.

இந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். கஞ்சியைக் கண்டால் உப்புப் போட்டுக் குடித்துவிடுவார்.

"சித்தப்பா, வேண்டாம்! அதுல என் எச்சி!"

டம்ளர் உதட்டிலிருந்து விலகியது. "ஏட்டி, இந்த வீட்டுல எத நம்பிக் குடிக்க?" என்று என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? அன்றைக்கு இரண்டு சேலைகளுக்குக் கஞ்சி பற்றவில்லை.

இதெல்லாம் முத்துவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளைக் கவிழ்த்தது வேறு ஒன்று — லைட் ஸ்கிரீன்.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு ஓர் இலையின் நடுவைக் கறுப்புத் தாளால் மூடி, வெயிலில் வைக்க வேண்டும். வெயில் பட்ட இடத்தில் மாவுச்சத்து உண்டாகும். மூடிய இடத்தில் உண்டாகாது. இலையைப் பறித்துத் தண்ணீரில் வேகவைத்து, ஸ்பிரிட்டில் போட்டுப் பச்சையை எடுத்துவிட்டு, அயோடின் ஊற்றினால் வெயில் பட்ட இடம் கருநீலம், மூடிய இடம் வெளுப்பு. அவ்வளவுதான்.

போன வருஷப் பரீட்சையில் முத்துவின் இலை மூடிய இடம், மூடாத இடம் எல்லாம் ஒன்றாக நீலமாகிவிட்டது.

வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர், "நாங்க மூடி வச்ச இலையை மாத்திட்டியாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல சார்."

"அப்போ எப்படி நீலமாச்சு?"

"தெரியல சார்."

பயத்தில், அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் அதே 'தெரியல சார்'தான். ஃபெயில். அதைவிட அந்த 'மாத்திட்டியா'தான் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. ஒரு வருஷம் முழுக்க என்னிடம், "சித்தி, நான் மாத்தல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்கூலில் செய்தபோதெல்லாம் அவள் இலையும் சரியாகத்தான் வந்திருக்கிறது. அங்கே எல்லோருடைய இலைகளையும் ஒரே பாத்திரத்தில் போட்டு டீச்சரே வேகவைப்பாராம்.

எங்கள் வீட்டில் காசித்தும்பைத் தொட்டி வெள்ளிக்கிழமையிலிருந்து ஸ்டோர் ரூம் இருட்டில் இருந்தது. ஞாயிறு காலை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். "ஒரு இலை போதும் சித்தி" என்றாள். மூன்றை மூடச் சொன்னேன். எதிலும் ஸ்பேர் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஸ்பிரிட்டுக்குப் பாலிஷ் கடை வரை போய் வந்திருந்தேன். "கேன்டீன் ரம் இருக்கே, தரட்டுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "அது இலைக்கு வேண்டாம். உங்களுக்கும் வேண்டாம்" என்றேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் முதல் இலையைப் பறித்தாள். தன் பிராக்டிகல் பெட்டியைத் திறந்தாள். கத்தரி, ஊசி, பிளேடு, ஸ்லைடு துடைக்க வீட்டிலிருந்து கொண்டுவந்த தறித் துணி. அந்தத் துணியில் ஒரு துண்டு வெட்டி, இலையை அதில் பொட்டலம் மாதிரி கட்டி, கொதிக்கிற தண்ணீரில் விட்டாள். வெந்த இலை சட்டென்று கிழியுமாம். ஒருமுறை கிழித்து டீச்சரிடம் திட்டு வாங்கியதிலிருந்து இந்த ஜாக்கிரதை. எனக்கும் பிடித்திருந்தது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் ஸ்பிரிட் டம்ளரை இறக்கி, இலையை அதில் போட்டாள். பச்சை இறங்கியது. கழுவினாள். அயோடின் விட்டாள்.

முழு இலையும் நீலம்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு தப்பும் என் கண்ணில் படவில்லை. இரண்டாவது இலையையும் அதே மாதிரி, இன்னும் நிதானமாகச் செய்தாள். அதுவும் முழு நீலம்.

அப்போதுதான் அத்தானின் மொபெட் வாசலில் வந்து நின்றது. மறுநாள் பரீட்சை என்று பார்க்க வந்தவர். தட்டில் கிடந்த இரண்டு இலைகளையும் பார்த்தார். மகள் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா ஒரு வாரம் இங்க வந்து உக்காந்திருக்க? ஏட்டி, பேசாம புக்குல என்ன போட்டிருக்கோ அத எழுதிட்டு வா."

"இலை நீலமா இருக்கு. வெள்ளைன்னு எப்டிப்பா எழுத?"

"அம்புட்டு நேர்மையா? அப்போ நாளைக்கும் போச்சுன்னா நர்சு படிப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பொறவு தறிக்குத் தார் சுத்த உக்காந்திரு. உங்க அம்மைக்குக் கூடமாட ஒத்தாசையா இருக்கும்."

முத்து அழவில்லை. மூன்றாவது இலையைத் தொடவும் இல்லை. தொட்டால் அதுவும் போய்விடும் என்கிற பயம்.

பேச்சை மாற்ற நினைத்த வீட்டுக்காரர், "அத விடு தாயி. அந்த உருளைக்கிழங்கு வேலை என்னமோ சொன்னியே, அதப் பாப்போம்" என்றார். கிழங்கைக் குடைந்து, குழிக்குள் சர்க்கரைத் தண்ணீர் விட்டு, தண்ணீரில் நிற்க வைத்தால் குழிக்குள் தண்ணீர் ஏறும். அந்தக் குழியைத் தோண்டப் பட்டாளத்துக் கத்தியைக் கொண்டுவந்தார். "எல்லையில இருக்கும்போது எம்புட்டுக் கிழங்கு உரிச்சிருக்கேன் தெரியுமா?" என்று சொல்லி வாய் மூடவில்லை...

கட்டைவிரலில் ரத்தம்.

"ஐயையோ!" என்று அத்தான் பதறி, பெட்டியில் கிடந்த தறித் துணியைச் சர்ரென்று கிழித்து விரலில் சுற்றினார். பேண்டேஜ் நெய்கிறவர் இல்லையா? கட்டும் கச்சிதம். நான் இலைக்கென்று வாங்கி வைத்திருந்த டிங்சர் அயோடினை அதன் மேலேயே ஊற்றினேன்.

கட்டு கருநீலமானது.

"ஏட்டி! விரல் அழுகுது! விஷம் ஏறுது!" எல்லையைக் காத்தவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அத்தான் முகம் வெளிறிப் போனது. நான் டாக்டர் வீட்டுக்கு ஓடச் செருப்பைத் தேடினேன். முத்து மட்டும் அசையாமல் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு.

"சித்தப்பா, அது விஷம் இல்ல. கஞ்சி!"

"என்ன கஞ்சி?"

"அப்பா, இது வெளுக்காத துணிதான?"

"ஆமா. தறில அறுத்தது அப்படியே. வெளுப்புக்குப் போய் வந்தாத்தான பேண்டேஜு?"

"பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருக்குமே?"

"போடாம பின்ன? கஞ்சி இல்லேன்னா இழை அறுந்துட்டே இருக்குமே..." அத்தான் நிறுத்தினார். விரலைப் பார்த்தார். இலையைப் பார்த்தார்.

கொதிக்கிற தண்ணீரில் துணியிலிருந்த கஞ்சி கரைந்து இலை முழுக்க அப்பியிருக்கிறது. போன வருஷப் பரீட்சையிலும் இதே துணிப் பொட்டலம்தான். காலையில் டம்ளரில் கஞ்சி நீலமானது எப்படியோ, அப்படியே இலையும் நீலமாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே நாளில், ஒரே பாட்டில் அயோடினில் பார்த்தோம். சேலைக்குக் கஞ்சி போடும் எனக்கும், பாவுக்குக் கஞ்சி போடும் அத்தானுக்கும் தோன்றவில்லை!

மூன்றாவது இலை. துணி இல்லை. வடை எடுக்கும் அரிகரண்டியில் இலையைப் பரப்பி வேகவைத்தாள். கிழியவில்லை. ஸ்பிரிட், கழுவல், அயோடின். நான்கு தலைகள் தட்டின் மேல் குனிந்தன.

ஓரங்கள் மெல்ல மெல்லக் கறுத்தன. நடுவில் ஒரு பட்டை மட்டும் வெளுப்பாகவே நின்றது. நெற்றியில் திருநீறு இட்டது மாதிரி.

நால்வரும் கைதட்டினோம். ஒருவர் மட்டும் நீலக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி.

திங்கள்கிழமை லீவு போட்டுவிட்டு முத்துவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அத்தான் மொபெட்டில் முன்னாலேயே போய் ஸ்கூல் கேட்டில் நின்றிருந்தார். "புக்குல இருக்கிறத எழுது" என்று இந்த முறை சொல்லவில்லை. அவள் உள்ளே போனதிலிருந்து டீக்கடைக்கும் கேட்டுக்கும் நடந்தபடி இருந்தார். நான் ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, லைட் ஸ்கிரீன் வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

வரவில்லை! சீட்டுக் குலுக்கலில் அவளுக்கு வந்தது உருளைக்கிழங்கு.

உள்ளே நடந்ததையெல்லாம் திரும்பி வருகிற பஸ்ஸில் முத்து நடித்தே காட்டினாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

கிழங்கைச் சுத்தமாகக் குடைந்திருக்கிறாள், ரத்தம் வராமல். தண்ணீர் ஏறியிருக்கிறது. வைவாவுக்குப் போனால் — போன வருஷம் வந்த அதே எக்ஸாமினர். கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "நீ அந்த நீல இலைப் பொண்ணுதானே?" என்றாராம்.

"ஆமா சார். அது ஏன் நீலமாச்சுன்னு இப்போ தெரியும் சார். காட்டட்டுமா?"

எக்ஸாமினர் தலையாட்டியிருக்கிறார். முத்து பெட்டியிலிருந்து தறித் துணியை எடுத்து மேஜையில் விரித்தாள். ஒரே ஒரு சொட்டு அயோடின். நீலம்! பிறகு பொட்டலம், கொதிதண்ணீர், பாவு, கஞ்சி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறாள். அவர் துணியைத் தூக்கிப் பார்த்தார். லேப் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். வைவாவில் அடுத்து அவர் கேட்ட எதற்கும் அவள் 'தெரியல' சொல்லவில்லை.

கடைசியில் அவர் சொன்னாராம்: "நீ மாத்தலம்மா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்."

இதைச் சொல்லும்போது மட்டும் முத்து நடிக்கவில்லை. பஸ் வன்னியம்பட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குக் கண்ணில் தூசி.

பரிசோதனை தப்பாக வந்தால் நாம் முதலில் சந்தேகப்படுவது யாரை? செய்தவரை. இலையைக் கேட்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? ஒரு வருஷம் எல்லோரும் 'மாத்திட்டே' என்றபோதும், தன் கண் பார்த்த நீலத்தை நீலம் என்றே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அவள். அதுதான் அவளைக் காப்பாற்றியது. புத்தகத்தைப் பார்த்து 'வெள்ளை' என்று எழுதியிருந்தால், பாஸ் வேண்டுமானால் ஆகியிருப்பாள்... காரணம் கடைசி வரை தெரிந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை. கவுன்டரைத் திறந்ததும் வரிசையில் முதல் ஆளாக அத்தான் நின்றார். சலவை வேட்டி, கஞ்சி போட்டு மொடமொடவென்று. முழங்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலக் கறை.

"என்ன அத்தான் இது?"

"நேத்து ராத்திரி வீட்டுல அயோடின் விட்டுப் பாத்தேன்" என்றார், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "உங்க அக்கா துவைக்கணும்னு நின்னா. குடுக்கல. சரி, ஒரு ரிஜிஸ்டர் கவர் குடு. நர்சிங் டிரெயினிங்குக்கு அப்ளிகேஷன் கேட்டு எழுதணும்."

"இன்னும் ரிசல்ட் வரலையே அத்தான்?"

அத்தான் குனிந்து வேட்டியைப் பார்த்தார்.

"வராம என்ன? இந்தா, வந்திருக்கே!"

அன்றைய முதல் வேலையாக அவருக்கு ஒரு ரிஜிஸ்டர் கவர் கொடுத்தேன்.