விளக்கெண்ணெய் பூசிய வைப்பர்

விளக்கெண்ணெயும் ரப்பரும் சேர்ந்தால் ஒரு வாசம் வரும்... நேரே தலைக்கு ஏறும். எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் எங்கள் வீட்டு மர அலமாரியைத் திறந்தால் அந்த வாசம்தான். உள்ளே அம்மாவின் பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்தில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, அப்பாவின் கார் வைப்பர்கள் இரண்டும் படுத்திருக்கும்.

சிரிக்காதீர்கள். அப்போதெல்லாம் தெருவில் நிற்கிற காரில் வைப்பரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் கார் வைத்திருந்தவர்கள் தாங்களே கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவது வழக்கம். மழை வந்தால் மாட்டிக்கொள்ளலாம். மதுரையில் அது எத்தனை நாள் வந்துவிடப் போகிறது!

அந்த வைப்பர் வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன். ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு வருகிற வழியில், வெளிவீதி ஸ்பேர் பார்ட்ஸ் கடை முன்னால் பழைய அம்பாசடரை நிறுத்தினார் அப்பா. கடையில் இருந்த பிளேடையெல்லாம் வளைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்தார்... எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவ்வளவு யோசிக்கவில்லை மனுஷன்.

"அண்ணே, இது ஒரிஜினலு. அது டூப்ளிகேட்டு, ஒரு மழைக்குத்தேன் தாங்கும்," என்றார் கடைக்காரர்.

"நம்மூர்ல பெய்யிறதே ஒரு மழதானப்பா!"

சொன்னாரே ஒழிய ஒரிஜினலைத்தான் வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? வெயிலில் ரப்பர் வெடித்துவிடக் கூடாதாம். கைக்குழந்தைக்குத் தேய்ப்பது மாதிரி விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்தார். ஆயுத பூஜை அன்று கண்ணாடியையும் அந்த எண்ணெய்த் துணியாலேயே பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார்.

அந்த ஐப்பசியில்தான் சோழவந்தானிலிருந்து ஆள் வந்தது. அம்மாவின் அண்ணன் இறந்துவிட்டார். மழையில் பஸ் நின்று நின்று வந்து, ஆள் எங்கள் வாசலை மிதிக்கும்போதே மதியம் தாண்டிவிட்டது.

"ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டு வருதுக்கா. சுடுகாட்டுப் பாதை முங்குறதுக்குள்ள எடுத்துருவாக. வெரசா வாங்க."

தாய் தகப்பன் இல்லாத அம்மாவை வளர்த்து ஆளாக்கியவர் அந்த மாமாதான். அம்மா அழவில்லை. மாமாவுக்குப் பிடித்த போயிலையைத் தெருமுனைக் கடையில் ஒரு கட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியாக அவர் பக்கத்தில் வைப்பதற்கு. அப்பா அலமாரியிலிருந்து வைப்பர்களை எடுத்து மாட்டினார்.

கோச்சடை தாண்டியதும் பிடித்தது பாருங்கள் மழை...

வைப்பர் ஒரு தடவை போய் வந்தது. அவ்வளவுதான். கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. எதிரே ரோடு இல்லை, மரம் இல்லை, வருகிற லாரி இல்லை. அப்பா இறங்கித் துண்டால் துடைத்தார். எண்ணெய் இன்னும் இழுகியது. தலையை வெளியே நீட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு மாட்டு வண்டியில் மோத இருந்தோம். ஓரத்தில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அம்மா போயிலைக் கட்டைப் பிரித்தாள்.

மழையில் கண்ணாடி மங்கினால் லாரிக்காரர்கள் போயிலையைத் தேய்ப்பார்கள். தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்பாவுக்கும் தெரியும். கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"இந்தா... அது மச்சானுக்கு வாங்குனதுல்ல?"

"எனக்கு எங்கண்ணன் மொகத்தப் பாத்தாப் போதும். எறங்குங்க."

ஆளுக்கொரு பக்கம் நின்று, கொட்டுகிற மழையில், அந்தக் கட்டு முழுவதையும் தேய்த்தே தீர்த்தார்கள். பழுப்புத் தண்ணீராக ஒழுகி, கடைசியில் ரோடு தெரிந்தது.

சோழவந்தானுக்குள் நுழையும் முன்பே, வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாகக் கொட்டுச் சத்தம் கேட்டது. பாடை எதிரே வந்துகொண்டிருந்தது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக்கூடாத ஊர் அது. அம்மா கதவைத் திறந்துகொண்டு நடுரோட்டில் போய் நின்றாள்.

"அத்த வந்துருச்சு, எறக்குங்கடா!" என்று கத்தினான் மாமா மகன்.

"தூக்குன பாடைய நடுவழியில எறக்கப்புடாதுப்பா," என்றார் முன்னால் போன பெரியவர்.

மாமா மகன்தான் சொன்னான்: "எறக்க வேணாம். எல்லாரும் முட்டிய மடக்குங்கடா."

தோளில் பாரத்தோடு, சேற்றில், அத்தனை பேரும் மெல்ல மெல்ல முட்டி மடக்கினார்கள். பாடை மண்ணைத் தொடவில்லை. அம்மாவின் முகத்துக்கு நேரே மாமாவின் முகம் வந்தது. போயிலை வாசம் போகாத கையால் அம்மா அவர் கன்னத்தைத் தடவினாள்.

"வந்துட்டேண்ணே... வந்துட்டேன்."



அப்பாவை அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் வைப்பரையும் கண்ணாடியையும் சீயக்காய் போட்டு, அழுத்தி அழுத்திக் கழுவினார்.

இப்போது என் மகன் போனிலேயே வைப்பர் பார்த்து வாங்குகிறான். சிலிக்கானாம், எண்ணெய்ப் பிசுக்கே சேராதாம். கண்ணாடிக்கு ஒரு ஸ்பிரே அடிக்கிறான், மழைத்துளி உருண்டு ஓடிவிடுகிறது. நல்லதுதான். அப்பா இருந்திருந்தால் அதையும் முகர்ந்து பார்த்திருப்பார்.

யாருக்கும் இப்போது அப்படி அலறியடித்து ஓடவேண்டிய அவசியமும் இல்லை. அம்மா போனபோது, வெளிநாட்டிலிருந்து தம்பி வரும்வரை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். நிதானமாக வந்து சேர்ந்தான். பெட்டியின் மேல்மூடி கண்ணாடி, உள்பக்கமாகப் பனி படிந்திருந்தது. வெளியே நின்று கையால் துடைத்தான், கர்ச்சீப்பால் துடைத்தான். முகம் தெரியவில்லை.

"தொறந்து விடுங்கக்கா," என்றான் என்னிடம். "ஒரு தடவ தொட்டுக்கிறேன்."

திறக்கச் சொன்னேன்.