கஸ்பரும் கூகைக்கட்டு அணிலும்

எட்மண்டன் பங்குக் கோயிலில் கஸ்பரைத் தெரியாதவர்கள் குறைவு. மன்னார் பேசாலையில் பிறந்தவர். லண்டனுக்கு வந்து பதினான்கு வருடங்களாக ஒரு பாண், ரொட்டி சுடும் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். கோயிலின் பின்தோட்டத்துக்குத்தான் போவார். யாரும் கேட்காமலே அங்கே சூரியகாந்தி நட்டவர் அவர். யாராவது பூவைத் தொட்டால் சண்டை பிடிப்பவரும் அவரே.

2004 செப்டெம்பரில் விதைகள் களவு போகத் தொடங்கின. முதலில் புறாக்களைச் சந்தேகித்தார். பிறகு, சொல்லவே வெட்கம், பங்குச் சபைச் செயலாளர் இசபெல்லைச் சந்தேகித்தார். அவர் வீட்டில் கிளி வளர்ப்பதுதான் காரணம்.

ஒருநாள் காலை கஸ்பர் தேநீரோடு தோட்டத்து வாங்கில் உட்கார்ந்து காவல் இருந்தபோது கள்ளன் அகப்பட்டான். உள்ளங்கை நீளம், முதுகு முழுக்கக் கோடு. சூரியகாந்தித் தண்டில் விறுவிறென்று ஏறி, விதைகளை வாய்க்குள் அடைத்துக்கொண்டு இறங்கியது. கஸ்பர் தேநீரைக் காலில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"டொலறஸ், எங்கட ஊர் அணில் இஞ்சை நிக்குது! ஆனால் பாவம், அதுக்குக் கூகைக்கட்டு. ரெண்டு கன்னமும் வீங்கிப்போச்சு."

"முதல் நித்திரை கொள்ளுங்கோ," என்றார் மனைவி. "எழும்பினாப் பிறகு அணிலும் சுகமாயிடும்."

கஸ்பர் நித்திரை கொள்ளவில்லை, நூலகத்துக்குப் போனார். மிருகங்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் ஆள் இருந்தது. ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று வெள்ளைக் கோடு. இதற்கு ஐந்து கறுப்புக் கோடு. பெயர் சைபீரியச் சிப்மங்க். சைபீரியாவிலிருந்து கொரியா, வட ஜப்பான் வரையுள்ள காடுகள்தான் அதன் சொந்த இடம். கன்னத்தில் இருந்தது வீக்கமில்லை, பை. அதில் விதைகளை நிரப்பிக்கொண்டுபோய் நிலத்துக்குள் வளை தோண்டிச் சேமிக்குமாம். குளிர்காலம் முழுக்க அங்கேயே சுருண்டு கிடந்து, இடையிடையே எழும்பிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்குமாம். கஸ்பருக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த கிழமை வளையின் வாசலையும் கண்டுபிடித்தார். றோஸ்மேரிச் செடியின் கீழே, ஐம்பது பென்ஸ் காசளவு ஓட்டை. அங்கேதான் வந்தது வில்லங்கம். சக்கர நாற்காலிக்காரர் கோயிலுக்குள் வரச் சரிவுப் பாதை ஒன்று போட ஒக்ரோபரில் அதே இடத்தைத்தான் தோண்டப் போகிறார்கள்.

"அக்கா, ஏப்ரல் வரைக்கும் பொறுக்க ஏலாதோ?" என்று இசபெல்லிடம் கேட்டார். "கீழை ஒரு ஆள் படுக்கப் போகுது. சைபீரியாக்காரர்."

"சைபீரியாவிலை இருந்து எந்த பஸ்ஸிலை வந்தவர்?"

"ஆரோ கூட்டிலை வளர்த்திருக்கினம். தப்பி வந்திட்டுது."

"கஸ்பர், நான் உம்மட அணிலைப் பார்க்கிறதோ, சக்கர நாற்காலியிலை வாற யாக்கோப்பு அண்ணையைப் பார்க்கிறதோ? மழைக்குள்ளை அவரை ஆர் படியிலை தூக்கிறது?"

"நான் தூக்குறன்."

யோசிக்காமல் சொல்லிவிட்டார். யாக்கோப்பர் நூறு கிலோவுக்குக் கிட்ட.

"முதல் அணிலைக் காட்டும்," என்றார் இசபெல்.

சனிக்கிழமை பங்குச் சபையின் ஐந்து பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பிடி கச்சான் கடலையோடு தோட்டத்தில் இருந்தார்கள். ஒரு மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. இருவர் செபமாலையை எடுத்துவிட்டார்கள். இசபெல் எழும்பப் போன நேரம், செடிக்குக் கீழே ஒரு மூக்கு தெரிந்தது. சிப்மங்க் நேரே வந்து இசபெல்லின் சப்பாத்தில் ஏறி நின்றது. கோதுடைத்த கச்சானை அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக் கன்னத்துக்குள் தள்ளியது.

"நாலு… அஞ்சு… ஆறு!" இசபெல் மூச்சுவிடாமல் எண்ணினார். "அட, இன்னும் இடமிருக்கு!"

சரிவுப் பாதை ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. ஒக்ரோபர் நடுப்பகுதியில் வளையின் வாசலை உள்ளிருந்தே மண் போட்டு அடைத்துக்கொண்டு சிப்மங்க் படுத்துவிட்டது. கஸ்பருக்குத்தான் வேலை தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் யாக்கோப்பரை நாற்காலியோடு ஏழு படி தூக்கினார். பின்னால் பிடிக்க இன்னொருவர் இருந்தாலும் பாரம் கஸ்பர் பக்கம்தான். யாக்கோப்பர் அதை நன்றாக அனுபவித்தார். நாலாம் படியில், "கொஞ்சம் நில்லும், வெளியிலை ஆர் ஆர் வருகினமெண்டு பார்ப்பம்," என்பார். கஸ்பர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். தை மாதம் பனி கொட்டியபோது, உள்ளே அது உயிரோடுதான் இருக்கிறதா என்று யோசித்தார். தோண்டிப் பார்க்கவும் ஏலாது.

மார்ச் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து யாக்கோப்பரைத் தோட்டத்து வெயிலில் விட்டிருந்தார்கள். திடீரென்று கிழவர் கத்தினார்: "கஸ்பர்! ஓடி வாரும்! உம்மட ஆள் எழும்பிட்டார்!"

றோஸ்மேரியின் கீழே புது மண். அதன் மேல், மெலிந்து, கன்னம் ஒட்டி, ஐந்து கோடும் கலைந்தபடி சிப்மங்க் குந்தியிருந்தது. குருவிபோல "சிக், சிக்" என்று சத்தம் போட்டது. கஸ்பர் அதன் எதிரிலேயே மண்டியிட்டார். இசபெல் கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு பொட்டலம் கச்சான் இருந்தது.

ஏப்ரலில் வேலைக்காரர்கள் வந்தபோது செடியைச் சுற்றிக் கயிறு கட்டிக் காவல் நின்றவர் இசபெல்தான். அவர் சொற்படி பாதை மூன்றடி இடப்பக்கமாகப் போனது. பாதை முடிந்த முதல் ஞாயிறு யாக்கோப்பர் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு மேலேறினார். கஸ்பர் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் நீட்டியபடி பின்னாலேயே நடந்தார்.