ராகுகாலத்தில் போகாத வள்ளம்

பிள்ளைகளே, போன ஞாயிறு நீங்கள் பார்த்த ஜப்பான் கார்ட்டூன் படத்தை நானும் பின்னால் கதிரையில் இருந்து பார்த்தனான். கார்ட்டூன் என்றால் சிரிப்பு என்று நினைத்துத்தான் இருந்தேன். ஒரே வகுப்பில் படித்த பெடியனும் பெட்டையும். அவள் குடும்பத்தோடு தூர ஊருக்குப் போய்விடுகிறாள், வருசங்கள் ஓடிவிடுகின்றன. கீழே ஓடின இங்கிலீசை எனக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்த மூத்தவள் கடைசியில் சொல்ல ஏலாமல் மூக்கை உறிஞ்சினாள்.

"தூரந்தானே அப்பா அவையைப் பிரிச்சது?"

அதற்கு மறுமொழியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நாரந்தனையில் இருந்தோம். என்னோடு படித்த ஒரு பிள்ளை, சொந்த ஊர் நெடுந்தீவு. எங்கள் ஊரில் மாமி வீட்டில் நின்று படித்தவள். கொப்பி மாற்றுவோம், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டால் அவள் சைக்கிள் முன்னுக்கு, என்னுடையது பின்னுக்கு. எதிர்க்காற்று அடிக்கிற நாளில் வேண்டுமென்றே மெல்ல உழக்குவாள். எனக்கு அது போதும்.

சோதனை முடிந்து ஊருக்குப் போனவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குடும்பத்தோடு கனடா போகிறார்களாம், திங்கட்கிழமை வெளிக்கிடுகிறார்களாம். அதற்கு முதல் நேரில் வந்தால் கனடா விலாசம் தருவேன் என்று எழுதியிருந்தாள். கச்சான் காற்றுக்கு வள்ளம் ஓடாமல் கிடந்து, கடிதம் சனிக்கிழமைதான் என் கைக்கு வந்தது. ஞாயிறும் கடல் அடங்கவில்லை.

திங்கள் காலை ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கும். இரண்டு கரையிலிருந்தும் காலை வள்ளம் வெளிக்கிடுவதும் ஏழரைக்குத்தான். வெளிநாடு போகிற சனம் ராகுகாலத்தில் காலெடுத்து வைக்குமோ? பின்னேர வள்ளத்தில்தான் வருவார்கள் என்று முடிவுகட்டி, எங்கள் பக்கத்துக் குறிகாட்டுவான் துறையில் காலை வள்ளம் ஏறினேன்.

பாதிக் கடலில், நெடுந்தீவிலிருந்து வந்த வள்ளம் எங்களைக் கடந்தது. தாய்க்குப் பக்கத்தில் மடியில் பையோடு அவள் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி நின்று ஏதோ கத்திச் சொன்னாள். இரண்டு எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்லும் என்னிடம் வரவில்லை. தாய் கையைப் பிடித்து இருத்திவிட்டா.

நெடுந்தீவில் அவள் வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா கல்வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. அவர்கள் விடிய முதலே நல்ல நேரத்தில் படலையைத் தாண்டி, தன் வீட்டில் வந்து இருந்துவிட்டுப் போனதாகச் சொன்னா. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதால் பிறகு ராகுகாலம் ஒன்றும் செய்யாதாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

நான் எதற்கு வந்தேன் என்று கேட்டா. நாம்பன் கன்று ஒன்று பார்க்க வந்தனான் என்றேன். அந்த வெயிலுக்குள் மூன்று கன்றைக் காட்டி, அதுகளின் வாயைத் திறந்து பல்லும் காட்டினா. பிறகு குசினி வாசலில் இருத்தித் தேத்தண்ணி தந்தா. உள்ளே கலண்டருக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கடதாசித் துண்டு குத்தியிருந்தது. அவளுடைய கையெழுத்து. 'கனடா' என்ற சொல் மட்டும் வாசலுக்குத் தெரிந்தது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"மாடு பாக்க வாற ஆள் அயன் பண்ணின சேட்டோடை வாறேல்லை, தம்பி. வேறை ஏதும் கேக்க இருக்கோ?"

கேட்டிருந்தால் தந்திருப்பா. ஆனால் ஒரு பெடியன் குமர்ப்பிள்ளையின் விலாசம் கேட்டான் என்ற கதை, அவள் விமானம் ஏற முதல் ஊரெல்லாம் போய்விடும் என்று பயந்தேன்.

"இல்லை அக்கா."

பின்னேர வள்ளத்தில் திரும்பினேன். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மூத்தவளே, அந்தப் படத்தில் எப்படியோ தெரியாது. நான் அவ்வளவு கடலையும் கடந்து போய், ஒரு குசினி வாசலில் வாய் திறக்காமல் திரும்பி வந்தவன். கடலில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை எழுதிவிட்டு முதலில் உங்கள் அம்மாவிடம்தான் காட்டினேன். கடைசி வரை வாசித்துவிட்டு அவ சொன்னா:

"ஒரு கண்டுக்குட்டியெண்டாலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமப்பா."