திருச்சியில் எனக்கு ஒரு பங்களா

ஈப்போவில் நான் குடியிருப்பது மூன்றாம் மாடி. ஒருநாள் கீழேயிருந்து புகை வர, எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சீனத்தி ஆ சோ, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வீட்டைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். காகிதத்தில் செய்த மாடி வீடு. சன்னல், பூந்தோட்டம், வாசலில் ஒரு கார்கூட இருந்தது. பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமானில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, வாளித் தண்ணீரோடு இறங்கி ஓடினேன். ஊற்றப்போன கையை அவள் எட்டிப் பிடித்தாள். “ஜாங்ஙான்! பாப்பா புன்யா ரூமா!” என்று கத்தினாள். ஊற்றாதே, அப்பாவின் வீடு என்கிறாள். அப்பாவோடு சண்டையென்றால் வீட்டையா கொளுத்துவார்கள் என்று எனக்குக் குழப்பம். அவர் எங்கே என்று கேட்டேன். செத்து எட்டு வருடமாம். ஆயுசெல்லாம் ஈயச் சுரங்கத்தில் மண் அள்ளினவர், போன இடத்திலாவது வசதியாக இருக்கட்டும் என்று வீடு அனுப்பிவைக்கிறாளாம், கொளுத்தினால் அவரிடம் போய்ச் சேருமாம். வாளியைக் கீழே வைத்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் கடல் தாண்டி ஒரு பங்களாவைக் காகிதத்தில் அனுப்பினவள்தான்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால், பதினாறு வயதில், லால்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்துக் கப்பலேறினேன். புருஷன் சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் சீவுகிறவர். புறப்படும் அன்று, “கூலிக்குப் போறவளுக்கு எதுக்குடி பட்டுச்சேலை?” என்று பெரியம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள். வந்த மறுமாதம் நானும் கத்தி பிடித்தேன். ஜப்பான் சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும், தோட்டத்துப் பள்ளி வாத்தியாரிடம் சொல்லி ஊருக்கு முதல் கடிதம் எழுதவைத்தேன். எனக்கு எழுத வராது என்றில்லை. வேகமாக வராது, அவ்வளவுதான். “மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு போடட்டும்?” என்றார் வாத்தியார். பெரியம்மாவின் குரல் காதில் கேட்டது. “கிராணின்னு போடுங்க” என்றேன். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறவர். வாத்தியார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். பிறகு ஒரு தீபாவளிக்குத் துரையைப் பார்த்து வணங்கப் போனபோது, அவர் பங்களாவின் முன்னால் நாங்கள் நின்ற போட்டோ ஒன்று கிடைத்தது. அதையும் அனுப்பினேன். வீடு யாருடையது என்று நான் எழுதவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்தோம். மறுவருடமே புருஷன் கண்ணை மூடிவிட்டார். சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் தேய்த்துக் கடைக்குட்டி கோமதியைப் படிக்கவைத்தேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பான ஆறாம் படிவம் முடித்தாள். எஞ்சினியர்தான் ஆவேன் என்று ஒரே பிடி. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்திலோ விவசாயப் படிப்பு என்று இருந்தது. இங்கே இடமெல்லாம் முதலில் மலாய்க்காரர்களுக்கு, எங்களைப் போன்றவர்களுக்குக் கேட்டது கிடைப்பது அபூர்வம். காசுள்ளவர்கள் பிள்ளைகளை அனுப்பும் இங்கிலாந்து எங்கள் பேச்சிலேயே இல்லை. திருச்சியில் ஒரு கல்லூரி எஞ்சினியரிங்குக்கு எடுத்துக்கொள்வதாக எழுதியது. செலவை லோரி ஓட்டும் மூத்தவன் ஏற்றுக்கொண்டான். ஆனால் விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் இருந்தது. லோக்கல் கார்டியனாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், விடுமுறையில் பிள்ளை அவர் வீட்டில் தங்க வேண்டும். திருச்சியில் எனக்கு இருப்பது ஒரே தம்பி. பாத்திரக்கடை வைத்திருக்கிறான். அவன் பாத்திரம் விற்கிறான், நான் தேய்க்கிறேன். அவன் வீட்டுக் கூடத்தில்தான் அந்தப் போட்டோ தொங்குகிறது.

பத்து நாள் சாக்குச் சொன்னேன். வெயில் என்றேன், தண்ணீர்க் கஷ்டம் என்றேன். “விவசாயமும் படிப்புதானே? கோலாலம்பூர்னா நெனச்சா பஸ் ஏறி வந்துட்டுப் போலாம்” என்றேன்.

“ஏம்மா, நீங்க முப்பது வருஷம் மரத்தப் பாத்தது பத்தாதா? நானும் மரத்தையே பாக்கணுமா?”

“திமிரப் பாரு. மரந்தாண்டி ஒனக்குச் சோறு போட்டுச்சு.”

“போட்ட வரைக்கும் போதும் லா. சொந்தத் தம்பிகிட்ட ஒரு சைன் கேக்க உங்களுக்கு என்ன கஷ்டம்? அடுத்த மாசம் பாரம் அங்க போய்ச் சேரலன்னா சீட்டு போயிடும்மா.” பேச்சு முடிவில் ‘லா’ போடுவது இந்த ஊர்ப் பிள்ளைகள் வழக்கம்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். கிராணி, போட்டோ, எல்லாவற்றையும். கோபப்படுவாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“தொரை பங்களாவா? அந்தப் படியில நாம கால் வச்சதே இல்லையேம்மா! நாய் தொரத்தும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி விடுங்க. நான் கிராணி மகளாவே போறேன். நாலஞ்சு வருஷந்தானே, சமாளிச்சிடுவேன் லா.”

அவள் லேசாகத்தான் சொன்னாள். நான் பொய் சொன்னது கடலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. இவள் அதை அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சோறு தின்னும் ஒவ்வொரு வேளையும் சொல்ல வேண்டும். கொசுக்கடியில் மரம் சீவியே முதுகு வளைந்துபோன மனிதர் அவள் அப்பா. அவரை இல்லையென்று சொல்லியா அவர் பெற்ற பிள்ளை எஞ்சினியர் ஆக வேண்டும்?

மறுநாள் நீல ஏர்மெயில் தாள் ஒன்று வாங்கினேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை. ஆறு வரிக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. ‘தம்பி, அவர் கிராணி இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மரம் சீவினோம். போட்டோவில் இருப்பது துரை வீடு. என் மகள் உன் ஊரில் படிக்க வேண்டும். கையெழுத்துப் போடுவாயா? இதுவரை வந்த கடிதமெல்லாம் வேறு ஆள் எழுதியது, இதுதான் நான் எழுதியது.’ பாரத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தான். கூடவே ஒரு துண்டுத் தாள். ‘அக்கா, பிள்ளையை அனுப்பு. நீ எழுதியதை வீட்டில் சொல்லவில்லை. என் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். மலேயா அத்தை பங்களாக்காரி என்று சொல்லியாகிவிட்டது. கோமதியிடம் சொல்லிவை.’ என் வெட்கம் என்னோடு போகும் என்று நினைத்திருந்தேன். அது அங்கே ஒரு பெண்ணுக்குச் சீர்வரிசையாகப் போயிருக்கிறது.

கோமதி அதை இரண்டு தரம் படித்தாள். “கேட்டா உள்ளதச் சொல்லுவேன். கேக்கலன்னா வாயத் தொறக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா.” அப்படியே போ என்று அனுப்பிவைத்தேன்.

அவளுடைய முதல் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி நானே படித்தேன். ‘அம்மா, வந்த அன்றைக்கே அத்தை உங்கள் வீட்டில் எத்தனை அறை என்று கேட்டார். இரண்டே அறை, வீடு மூன்றாம் மாடியில் என்றேன். அப்பா மரம் சீவினார், அம்மா கடையில் பாத்திரம் தேய்க்கிறார் என்றும் சொன்னேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை என் கன்னத்தைத் தடவி, “பங்களாவுல பொறந்த புள்ளைக்கு என்ன அடக்கம் பாருங்க” என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.’

கோமதி இப்போது மூன்றாம் ஆண்டு. நான் பிறந்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரந்தான். கல்லூரிப் பதிவில் அவள் வெளிநாட்டு மாணவி. போன மாதம் தம்பி மனைவி எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். மகள் கல்யாணம் கூடிவிட்டதாம், நான் அவசியம் வர வேண்டுமாம். எனக்குப் பழக்கமான வசதி அங்கே கிடையாதென்று, மாடி அறைக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் வாங்கி, மின்விசிறி மாட்டி வைத்திருக்கிறார்களாம். நான் எழுதிப் பார்த்துவிட்டேன், பிள்ளையும் சொல்லிப் பார்த்துவிட்டாள். இனி யாரிடம் போய் என்ன சொல்வது? கடையிலிருந்து வந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கிறேன். திருச்சியில் அந்தக் கட்டிலுக்கு விரிப்புப் போட்டு, வரப்போகிறவளுக்காகக் காத்திருக்கிறார்கள்.