போர்ப் படம் பார்த்துச் சிரித்தவன்

ஒரு தொழிலாளியைத் தேசத்துரோகி என்று சொல்லி அவன் வேலையைக் கெடுத்தேன். சுங்குவார்சத்திரத்தில் அவன் தங்கிய விடுதிக்கு நான் காப்பாளர்.

விடுமுறையன்று எல்லோரும் வேற்றுக்கிரகப் போர்ப் படம் பார்த்தோம். திரையில் படைவீரர்களின் கொடி ஏறியதும் நான் எழுந்து கைதட்டினேன். திருநெல்வேலிக்காரனான அவன் சிரித்துவிட்டான்.

“சார், சண்டைக்கு ஆள் பிடிக்கவனைப் படம் நக்கலடிக்கி. நீங்க கைதட்டுதீய!”

“சோல்ஜர் செத்துக்கினு கீறான், இன்னாடா நக்கல்?” என்று உள்ளூர்க்காரன் ஒருவன் பாய்ந்தான்.

எனக்கோ அவமானம் ஆறவில்லை. மறுநாளே, அவனை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரரிடம் அவன் தேசத்துரோகி என்று போட்டுக்கொடுத்தேன். அவனை ஷிஃப்டிலிருந்து நீக்கினார்கள்.

பிறகு தனியாக அதே படத்தைப் பார்த்தேன். அவன் சொன்னதே சரி. நான் சொன்னது பொய் என்று ஒப்பந்தக்காரருக்கு எழுதிக்கொடுத்தேன். வேலை திரும்பக் கிடைத்தது. அவன் வேறு விடுதிக்குப் போய்விட்டான். இப்போது இங்கே படம் ஓடும்போது நான் நுழைந்தால், பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது.