ஹிட் என்றால் ஆள் இல்லை

‘எங்கள் தளத்துக்கு இத்தனை ஹிட்’ என்று யாராவது பெருமையடித்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஒரு சொல்லால்தான் என் முதல் வேலை போனது. போனால் போகட்டும்!

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம், அதை இன்டர்நெட்டில் விளம்பரமும் செய்வோம். அங்கே வேலை பார்த்த ஒரே பெண் நான். மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். பாங்க் பரீட்சை எழுது என்று வீட்டில் நச்சரித்தார்கள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மேனேஜருக்குப் பெரிய எண் என்றால் உயிர். வாடிக்கையாளர் யார் வந்தாலும் முதலில் ஹிட் கணக்கைத்தான் நீட்டுவார். ஹிட் என்பது ஆள் கணக்கே இல்லை. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்கத்துக்கு ஒரு ஹிட், அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஹிட். பக்கம் எத்தனை தடவை திறந்தது என்பது பேஜ் வியூ. நம் பேனர் விளம்பரம் இன்னொருவர் தளத்தில் சும்மா காட்டப்பட்டாலே அது இம்ப்ரெஷன். அதைத் தட்டி உள்ளே வந்தால்தான் கிளிக். இதெல்லாம் மேனேஜருக்கு நன்றாகவே தெரியும். “கஸ்டமருக்குக் கிளாஸ் எடுக்காதே. கேட்டா ஆமான்னு சொல்லு, போதும்” என்பார்.

பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா பட்டுப்புடவைக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம். கணவர் போன பிறகு தனியாளாகக் கடையை நடத்தினார். அவருடைய தளத்தில் இருபது புடவைப் படங்களை ஒரே பக்கத்தில் போட்டிருந்தோம். அன்றைய மோடத்தில் கடைசிப் புடவையின் முந்தானை வந்து சேர்வதற்குள் காபி ஆறிவிடும்.

தீபாவளிக்கு முன் ஒரு மத்தியானம் அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தார். மேனேஜர் வழக்கம்போல ஹிட் எண்ணைக் காட்டினார். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

“எம்மா, இத்தன பேரா நம்ம கடையப் பாக்க வந்திருக்காவ?” என்று என்னிடம் கேட்டார். “அப்ப காஞ்சிபுரத்துல பெரிய ஆர்டரு குடுத்துர வேண்டியதுதான். நகைய எல்லாம் கையோட கொண்டாந்துட்டேன். இங்கருந்து நேரே அடகுக் கடைக்குத்தான் போறேன்.”

மேனேஜர் என்னை முறைத்தார், வாயை மூடிக்கொண்டு இரு என்று. மூடுவேனா நான்?

“அக்கா, உங்க கடைக்கு ஒரு அம்மா வர்றாங்க. இருபது புடவையைப் பிரிச்சுக் காட்டச் சொல்றாங்க. இருபத்தியோரு பேர் வந்ததா கணக்கு வைப்பீங்களா?”

“அதெப்படி? வந்தது ஒருத்திதான. அதுலயும் எல்லாத்தையும் பிரிச்சுப் போட வச்சிட்டு, ஒண்ணும் எடுக்காம போறவதான் நெறைய.”

“இந்த எண்ணும் அப்படித்தான்க்கா. ஒருத்தர் வந்தா இருபத்தியொண்ணு ஏறும். படம் சரியா வருதான்னு நாங்க இங்கேர்ந்து திறந்து பார்க்கிறதும் இதுலதான் சேரும். பேனரைத் தட்டி உள்ளே வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். இதை நம்பி நகையை வைக்காதீங்க.”

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேனேஜர் பதறிப்போய், “டெக்னிக்கலா பார்த்தா, மேடம்...” என்று ஆரம்பித்தார்.

“இந்தப் பிள்ள சொல்லுதது நெசமா, பொய்யா? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் அக்காவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கத்தினார். “நாளையிலேர்ந்து நீ வர வேணாம்!”

“நாளைக்கு எதுக்கு? இப்பவே போறேன்” என்று என் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் போட்டேன். இருந்த ஆத்திரத்தில் வீட்டில் என்ன சொல்வது என்றுகூட அப்போது தோன்றவில்லை.

அக்கா நகைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியவர், திரும்பி மேனேஜரைப் பார்த்தார்.

“ஏன் சார், இவள அனுப்பிட்டா மட்டும் அந்த வராதவுக எல்லாம் வந்துருவாவளா?”